கொம்பனுக்குக் கைப்புத் தண்ணீர்

பெப்ரவரி 11, 2025

போறணைக்குள் பெரிய பட்டர் கேக் ஒன்று இருக்கிறது. வேக நேரமெடுக்கும், ஆகவே இன்று ஆறுதலாக எழுதலாம். கப் கேக் நாட்களில் இரண்டு வரிக்கு மேல் ஓடாது. என் வாழ்க்கை வரலாறு கேக்கின் அளவைப் பொறுத்தது.

காலையில் கொம்பனைப் பார்த்தேன். ஊதாக் கொப்புகளின் நுனியெல்லாம் பால் வெள்ளை. வளர்கிற முருகைக்கு, இந்த உயிருள்ள பவளக் கல்லுக்கு, நுனி வெளுக்கும் என்று இவர் சொல்லியிருக்கிறார். இவர் போய் ஒரு மாதமாகிறது, கொம்பன் நுனி வெளுத்து நிற்கிறான். யார் பார்க்கிறார்கள் அவனை? நான்.

இவர் இப்போது மாலைதீவில் ஒரு ஹோட்டலில் ஏ.சி. திருத்துகிறார். அங்கே சுற்றிவர முருகைக் கல்லும் கடலும். இங்கே முரசுமோட்டையில், நாலு பக்கமும் வயல், நடுவில் எங்கள் வீடு, முன் அறையில் இருநூறு லீற்றர் கடல். இரண்டு கோமாளி மீன், ஏழெட்டு முருகை, எல்லாருக்கும் மேலே கொம்பன். நீர்கொழும்பில் தொட்டியிலேயே முருகை வளர்க்கிற ஒருவரிடம் விரல் நீளத் துண்டாக வாங்கியது. கடலில் உடைத்து எடுத்திருந்தால் இவர் மாலைதீவுக்குப் போயிருக்க மாட்டார், மறியல் வீட்டுக்குத்தான் போயிருப்பார்.

போகமுதல் தொட்டியை வவுனியா நடராசா அண்ணைக்குக் கொடுக்கப் பார்த்தார். அவருடைய ஹோட்டல் வாசலில் வைக்கவாம். நான் பார்க்கிறேன் என்றேன். இவர் சிரித்தார். "உமக்கு உது சரிவராது, அருந்ததி. உது கேக் இல்லை. கை வைக்காதேயும்." கலியாணமான நாளில் இருந்து வீட்டில் எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். அடுப்பு, கிணற்று மோட்டர், மாமியின் கால் வீக்கம், மகளின் கணக்குப் பாடம். இந்தத் தொட்டியில் மட்டும் கை வைக்கக் கூடாது! சண்டை பிடித்து, அழுது, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். இவர் ஓகஸ்டில் லீவில் வரும்போது கொம்பன் உயிரோடு இருந்தால் தொட்டி இந்த வீட்டில். செத்தால் நடராசா அண்ணை வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார். பிறகு ஒருவரும் கதையை மாற்றாமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

என் முதல் கெட்டித்தனத்தையும் எழுத வேண்டும். வாரா வாரம் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துவிட்டுப் புதிது விட வேண்டும். இவர் ஐஸ் கொம்பனி வேலைக்கு முல்லைத்தீவுக்குப் போகும்போதெல்லாம் கான் கானாகக் கடல் தண்ணீர் கொண்டுவருவார். வாகனத்தை விற்றுவிட்டுத்தான் மாலைதீவுக்குப் போனார். இனிக் கடலுக்கு எங்கே போவது? நான் யோசித்தேன். கருவாடு போடுகிறவர்கள் வாங்குகிற, அயடீன் சேராத பச்சை உப்பில் ஒரு சாக்கு வாங்கினேன். மழைநீர்த் தாங்கித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, உப்பு அளக்கிற கண்ணாடியில் பார்த்தேன். கடல் தண்ணீர் காட்டுகிற அதே கோடு! கடலில் இருந்து வந்தது உப்பு, வானத்தில் இருந்து வந்தது மழை. இரண்டையும் திரும்பச் சேர்த்தால் கடல்தானே? இவர் இவ்வளவு காலமும் வீணாக முதுகு நோகக் கான் தூக்கினார்.

இவருக்கு இன்னும் சொல்லவில்லை. ஓகஸ்டில் சொல்கிறேன்.

பெப்ரவரி 20

கப் கேக். தொட்டி நலம். நானும் நலம்.

மார்ச் 8

இன்று சுண்ணாம்புத் தண்ணீர் கரைத்தேன். கொம்பன் தண்ணீரில் இருக்கிற கல்சியத்தை எடுத்துத்தான் எலும்பு கட்டுகிறான். அவன் எடுக்க எடுக்க நாங்கள் திரும்ப விட வேண்டும். இவர் கண்டுபிடித்த வழி வெற்றிலைச் சுண்ணாம்பு. ஒரு கரண்டியை மழைத் தண்ணீரில் கலக்கி, அடியில் மண்டி படிந்த பிறகு மேல் தெளிவை மட்டும் எடுத்து, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற குழாயால் சொட்டுச் சொட்டாக விடுவது. மடமடவென்று ஊற்றினால் மீன் செத்துப்போகும்.

மாமி வெற்றிலைத் தட்டத்தோடு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "உந்தக் கல்லைச் சுட்டுத்தான் அந்த நாளையில சுண்ணாம்பு எடுக்கிறது. நீ என்னடி எண்டா சுண்ணாம்பைத் தீத்திக் கல்லு வளக்கிறாய்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி சொல்வதில் பிழை இல்லை. கல்சியம் 420. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. சோதனைப் பெட்டியில் சொட்டு எண்ணி, நிறம் மாறுகிற நேரத்தைப் பிடிக்க இவருக்கு மூன்று தடவை வேண்டும். நான் ஒரே தடவையில் பிடிக்கிறேன். ஐசிங்குக்கு நிறம் கலக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

மார்ச் 29

கல்சியம் 390. குறைகிறது. கொம்பன் நன்றாகச் சாப்பிடுகிறான் போல. சுண்ணாம்பைக் கொஞ்சம் கூட்டினேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. ஒரு கிழமையாகக் கேக் கேக் என்று முதுகு முறிந்தது. கேக் எல்லாம் போனபிறகு வெறும் வீட்டில் தொட்டியின் முன்னால் இருந்தேன். வெயில் கொளுத்துகிறது, தண்ணீரைக் குளிர வைக்கிற மிசின் ஓயாமல் ஓடுகிறது.

மத்தியானம் இவர் வீடியோவில் வந்தார். தொட்டியைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"கல்சியம் எவ்வளவு?"

"360."

"சுண்ணாம்பு விடுறீரோ?"

"இரண்டு மடங்கு விடுறன்."

"பிறகேன் குறையுது? நீர் அளக்கிறது பிழையாயிருக்கும்."

அளக்கிறது பிழையாம். நான் அளந்து சுட்ட கேக் இந்தப் பரந்தன் றோட்டு முழுக்க ஒன்றாவது நடுவில் பணிந்து வந்ததென்று யாராவது சொல்லட்டும். ஆனால் — ஏன் குறைகிறது? இரண்டு மடங்கு போடுகிறேன். எங்கே போகிறது?

ஏப்ரல் 26

எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. காலையில் பம்ப் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளை ஓடு, முட்டை ஓடு மாதிரி. குழாய்க்குள் வெள்ளை. கண்ணாடியில் சொரசொரவென்று வெள்ளை. நான் விட்ட சுண்ணாம்பு முழுக்கப் பம்பில் போய்க் கல்லாக நிற்கிறது. கொம்பனுக்குப் போகவில்லை. புளித் தண்ணீரில் ஊறப் போட்டுச் சுரண்டினேன். பம்ப் ஓடுகிறது. மனம் ஓடவில்லை.

மே 8

கொம்பன்ர அடி வெள்ளையாப் போச்சு.

நுனி வெள்ளை இல்லை. அடி. தோல் உரிஞ்ச மாதிரி, எலும்பு தெரியுது. ரெண்டு விரல் அகலம். நுனியில வெள்ளையே காணேல்லை, ஊதா முட்டினபடி நிக்குது. வளர்ச்சி நிண்டிட்டுது. நான் என்ன பிழை விட்டனான்? உப்புச் சரி. சூடு சரி. வெளிச்சம் சரி. சுண்ணாம்பு — கூட்டினால் பம்புக்குப் போகுது, குறைச்சால் கல்சியம் விழுகுது. என்னதான் செய்யிறது?

மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனா. மாமி ஒன்றும் சொல்லாமல் போனால் நிலைமை உண்மையிலேயே மோசம்.

மே 10

இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் உடனே நடராசா அண்ணைக்குக் கோல் எடுப்பார்.

மே 29

வினோஜா வவுனியாவில் இருந்து வந்தாள். பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற மகள் வீட்டுக்கு வந்தால் ஊத்தை உடுப்புத்தான் கொண்டுவருவாள். இந்த முறை ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுவந்தாள். நான் போனில் அழுததைக் கேட்டுவிட்டு, முருகை வளர்க்கிறவர்கள் எழுதுவதை எல்லாம் தேடி வாசித்திருக்கிறாள். கொழும்பில் இருந்து எடுப்பித்த மகனீசியச் சோதனைப் பெட்டி அது. இவரிடம் கல்சியத்துக்குத்தான் பெட்டி இருந்தது. மகனீசியம் என்று ஒன்றை இவர் அளந்ததே இல்லை.

"அம்மா, மகனீசியம் குறைஞ்சால் கல்சியம் தண்ணிக்குள்ளயே கல்லாப் போயிடுமாம். நீங்கள் எவ்வளவு விட்டாலும் நிக்காதாம்."

எனக்கு உடனே விளங்கியது. பாகு காய்ச்சும்போது தேசிக்காய்ப் புளி நாலு சொட்டு விடாவிட்டால் சீனி திரும்பக் கட்டியாகிவிடும். புளி நடுவில் நின்று சேரவிடாமல் வைத்திருக்கும். மகனீசியம்தான் கடலின் தேசிக்காய். இதை ஏன் ஒருவரும் இப்படிச் சொல்லித் தருவதில்லை?

அளந்தோம். 1300 இருக்க வேண்டிய இடத்தில் 740.

வினோஜா திரும்ப அளந்தாள். 740. பெட்டி பழுது என்றேன் நான். பழுதாக இருக்கட்டும் என்று மனம் கேட்டது. பெட்டி சரியென்றால் பிழை என்னுடையது. மகனீசிய மருந்து கொழும்பில் இப்போது இல்லையாம், கப்பலில் வர வேண்டுமாம். எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது.

யூன் 10

நேற்று வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். என் நேர்த்தி என்னவென்று மாமி கேட்டா. கல்லுக்கு நேர்த்தி வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? மகளின் படிப்புக்கு என்றேன். அம்மாளாச்சிக்கு எது என்று தெரியும்.

சனத்துக்குள் இடிபட்டு உள்ளே போனோம். எண்ணெய்க்குப் பதிலாகக் கடல் தண்ணீரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறந்த நாளில் இருந்து பார்க்கிற விளக்குத்தான். கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு நினைவு வந்து தலையில் குட்டியது. பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முதல் அந்தத் தண்ணீரை எடுக்கக் கடற்கரை வரைக்கும் ஊர்வலமாகப் போனார்கள். மேளம், குடம், அவ்வளவு சனம். யாராவது ஒருவர் "ஏன் கஷ்டம், கிணற்றுத் தண்ணியில உப்பைக் கரைப்பம்" என்று சொன்னாரா? ஒருவரும் சொல்லவில்லை. அப்படிச் செய்த ஒரே கெட்டிக்காரி முரசுமோட்டை அருந்ததி.

இன்று விடிய முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய் இரண்டு கானில் தண்ணீர் நிரப்பினேன். மாமி கரையில் நின்று ஏசினா. பஸ் கொண்டக்டரும் ஏசினார். அம்மன் கோயில் தீர்த்தம் என்று நினைத்த ஒரு மனிசி எழும்பி எனக்கு இடம் தந்தா. மறுத்துச் சொல்லவில்லை. கால் நோகுது.

வீட்டுக்கு வந்ததும் அளந்தேன். கடல் தண்ணீர்: 1290. நான் கரைத்த உப்புத் தண்ணீர்: சொட்டு விழுந்த உடனேயே நிறம் மாறிவிட்டது. மகனீசியம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

பெட்டியில் பழுதில்லை. மாதக் கணக்காக நல்ல கடல் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வெறும் உப்புக் கரைசலை விட்டிருக்கிறேன். கொம்பனின் அடியை வெளுக்க வைத்தது நான்தான். இரண்டு கான் தண்ணீரையும் தொட்டிக்கு விட்டேன். யானைப் பசிக்குச் சோளப்பொரிதான், இருந்தாலும் விட்டேன்.

யூன் 11

ஒரே யோசனை. கடலில் இருக்கிறது. கடலைக் காய வைத்து எடுத்த உப்பில் இல்லை. இடையில் எங்கே போனது?

குசினி மூலையில் உப்புச் சாக்கைத் தூக்கினேன். கீழே சீமெந்தில் வட்டமாக ஒரு கறை. போன மார்கழி மழைக்குப் பழைய உப்புச் சாக்கு கசிந்த கறை. மாரி காலம் எந்த வீட்டிலும் உப்புக் கசியும். கீழே ஒரு பழைய தகரப் பேணி வைப்போம், நிரம்பினால் தென்னையடியில் ஊற்றுவோம். ஒருமுறை அந்தத் தண்ணீர் கையில் பட்டு, தெரியாமல் வாயில் வைத்துவிட்டேன். உப்புக் கரித்திருந்தால் பரவாயில்லை. கைத்தது. நாக்கு இழுத்துக்கொண்டது. புது உப்புக் கைக்கும், பழைய உப்புக் கைக்காது என்று ஊறுகாய் போடுகிற எல்லாருக்கும் தெரியும். கைப்பு வடிந்து போனபிறகுதான் உப்பு நல்ல உப்பு.

வடிந்து போகிற அந்தக் கைப்பு என்ன?

கேக் கருகுகிற மணம் — கருகட்டும்.

யூன் 15

கேக் கருகித்தான் போனது. வேறு அடித்துக் கொடுத்தேன். அதை விடுவோம்.

இன்று ஆனையிறவுப் பக்கம் போனேன். சின்னம்மாவின் மகள் கஜேந்தினி உப்பளத்தில் உப்பு அள்ளுகிறாள். வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. பாத்தியில் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக் கிடங்குப் பள்ளத்தில் உப்பு எடுத்து மிஞ்சின தண்ணீர் நின்றது. எண்ணெய் மாதிரித் தடிப்பு, இலேசான மஞ்சள். விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். அதே கைப்பு! உப்புச் சாக்கின் கைப்பு, அதைவிடப் பத்து மடங்கு.

"அக்கா, உதென்ன வேலை? துப்புங்கோ!" என்று கத்தினாள்.

"எனக்கு ஒரு கான் வேணும்."

"என்னத்துக்கு? உது கழிச்சு விடுற தண்ணி."

"கல்லுக்குக் குடுக்க."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மற்றப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேற்பார்வையாளர் "கொண்டு போங்கோ, ஆர் வேண்டாமெண்டது" என்றார். ஒரு கான் நிரப்பி ஓட்டோவில் வைத்துக்கொண்டு வந்தேன். எனக்குள்ளே பெருமை பொங்குது. இன்னும் ஒன்றும் சரிவரவில்லை, ஆனாலும் பொங்குகிறது.

வீட்டில் ஒரு தேக்கரண்டி கைப்பை மழைத் தண்ணீரில் கலந்து அளந்தேன். பெட்டியில் இருக்கிற சொட்டு மருந்து முழுக்க முடியும் போலிருந்தது, நிறம் மாறவே இல்லை. இன்னும் நிறையத் தண்ணீர் கலந்துதான் அளக்க முடிந்தது. மகனீசியம்! உப்பின் நல்ல பேருக்காக அதைக் கழித்து விடுகிறார்கள். உப்பில் குறை சொல்ல முடியாது. அது கறிக்கு வந்த உப்பு. அதைக் கடல் என்று நினைத்தது என் பிழை.

யூன் 17

அவசரப்படக் கூடாது. வெண்ணெயும் சீனியும் அடித்து வைத்து முட்டையை எல்லாம் ஒரேயடியாக விட்டால் திரிந்துவிடும், ஒன்று ஒன்றாகத்தான் விட வேண்டும்.

கொம்பனில் ஒரு சின்னக் கொப்பை நறுக்கி வாளிக்குள் வைத்தேன். காற்றுக் குழாய் போட்டேன். வாளித் தண்ணீருக்கு மட்டும் கைப்பு விட்டு 1300க்குக் கொண்டுவந்தேன். கொம்பன்குட்டிதான் முதலில் குடித்துப் பார்க்கப் போகிறது. பாவம். மன்னித்துக்கொள்.

யூன் 21

வாளியில் குட்டி பூத்திருக்கிறது! உடம்பெல்லாம் மெல்லிய மயிர் மாதிரி வாய் விரித்து நிற்கிறது. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓம், புல்லரிச்ச மாதிரி நிக்குது" என்றா. எனக்கும்தான் மாமி.

இன்று தொட்டிக்கு முதல் பங்கு. அரைத் தேத்தண்ணிக் கிளாஸ் கைப்பு, ஒரு போத்தல் மழைத் தண்ணீரில் கலந்து, தொட்டியில் அதேயளவு தண்ணீரை எடுத்துவிட்டு, சேலைன் குழாயால். கைப்பிலும் உப்பு இருக்கிறது, மழைத் தண்ணீர் கலக்காவிட்டால் உப்பு ஏறிவிடும்.

யூன் 30

மகனீசியம் 930. அடியின் வெள்ளை கூடவில்லை. கூடவில்லை என்பதே இப்போது எனக்குத் திருவிழா.

யூலை 12

1140. பம்பைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தம். சுண்ணாம்பு இப்போது போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. மழைநீர்த் தாங்கி அடியைத் தொட்டுவிட்டது. குடிக்க வைத்த தண்ணீரை நீ கல்லுக்கு ஊற்றுகிறாய் என்று மாமி சண்டை. குடிக்கத் தண்ணீர் வேறு வாங்கலாம் மாமி. கொம்பனுக்கு வேறு வாங்க முடியாது.

யூலை 27

கல்யாணக் கேக், மூன்று தட்டு. ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

மகனீசியம் 1300. கல்சியம் 420. முந்தநாள் 420. அதற்கு முதலும் 420. நிற்கிறது! நான் ஓடிப்போய் ஊற்றாமல், தானாக, தன் காலில் நிற்கிறது.

கொம்பனின் நுனிகளைப் பார்த்தேன். பால் வெள்ளை. எல்லாக் கொப்பிலும். செத்த அடியின் விளிம்பில் ஊதாத் தோல் மெல்ல மெல்ல எலும்பின் மேல் ஏறிப் படர்கிறது. கேக்கின் மேல் ஐசிங் வழிவது மாதிரி, மேலிருந்து கீழே. இவர் பத்து வருடம் தொட்டி வைத்திருந்தார். செத்த எலும்பின் மேல் தோல் திரும்ப ஏறினதாக ஒருநாளும் சொல்லவில்லை.

இனிக் கடலைக் கரைக்கிற முறை எனக்குத் தெரியும். உப்பு, மழை, கைப்பு. மூன்றும் சேர்ந்தால்தான் கடல். நான் பெப்ரவரியில் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. யாருக்கும் சொல்ல முடியாத மாதிரிப் பெருமை. மாப்பிள்ளை வீட்டார் கேக் எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க வந்தபோது தொட்டியைப் பார்த்து "இது எங்கை வாங்கினது?" என்று கேட்டார்கள். "இது வாங்கினதில்லை, வளர்த்தது" என்றேன். கேக்கைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை, எனக்கும் கவலை இல்லை.

ஓகஸ்ட் 3

இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். உப்புக் கரைத்தது, அடி வெளுத்தது, கைப்பு.

"கழிவுத் தண்ணியையோ ஊத்தினீர்? உமக்கென்ன விசரோ?"

"கொம்பன் நல்லாயிருக்கிறான். காட்டட்டோ?"

"காட்ட வேண்டாம். இண்டைக்கு நல்லாயிருக்கும், நாளைக்கு முழுக்கக் கரைஞ்சு போகும். நான் வாற நேரம் நடராசா அண்ணையை வரச் சொல்லுறன். மிஞ்சுறதையாவது அவர் காப்பாத்தட்டும்."

நான் போனை வைத்துவிட்டேன். இவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது நான் வைத்தது இதுதான் முதல்தரம். பிறகு இருந்து அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் போய்த் தொட்டியை அளந்தேன். 1300. ஒரு மனிசன் ஏசினதற்கு மகனீசியம் இறங்காது.

ஓகஸ்ட் 17

இவர் வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார், கறுத்திருக்கிறார். தேத்தண்ணி கொடுத்தேன், கையில் வாங்கிக்கொண்டே தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். தேத்தண்ணி ஆறினது.

பிறகு பெட்டியைக் கேட்டார். அளந்தார். நான் குசினிக்குள் ஐசிங் அடித்துக்கொண்டு காதை மட்டும் முன் அறையில் வைத்திருந்தேன். திரும்ப அளந்தார். இன்னொருமுறையும். பம்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பூட்டுகிற சத்தம் கேட்டது.

குசினி வாசலில் வந்து நின்றார்.

"நான் வைச்சிருக்கேக்க கொம்பன் உவ்வளவு பெரிசில்லை."

"ஓம். இல்லை."

இரவு சாப்பிடும்போது மாமி சொன்னா: "உன்ர மனிசி கோயில் தீர்த்தமெண்டு பொய் சொல்லிக் கடல் தண்ணி கொண்டுவந்தவள்." இவர் சிரித்த சிரிப்பில் புரையேறியது. மாமி, நான் சொல்லேல்லை. அந்த மனிசி தானாக நினைச்சது.

ஓகஸ்ட் 20

நடராசா அண்ணை வந்தார். சின்ன லொறி, இரண்டு வெறும் பரல், இரண்டு பேர். கொம்பன் உயிரோடு இருந்தால் தொட்டி இங்கே என்று பேசினது, பேசினதுதானே? ஆனால் இவர் வாக்கும் காலையில் சொன்னால் பின்னேரம் மாறும்.

நடராசா அண்ணை குனிந்து, நிமிர்ந்து, சுற்றிவந்து பார்த்தார். "சிவகரன், உதை அப்பிடியே ஏத்துவம். கல்லுகளை முதல் எடுப்பமோ, தண்ணியை முதல் எடுப்பமோ?"

இவர் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். "என்னைக் கேட்டு என்ன, அண்ணை? அவான்ர தொட்டி. அவாவைக் கேளுங்கோ."

அவான்ர தொட்டி.

நான் குசினித் துவாயில் கை துடைத்துக்கொண்டு நின்றேன். நடராசா அண்ணை என்னைப் பார்த்துத் திரும்பினார். இந்த வீட்டுக்கு எத்தனையோ தரம் வந்திருக்கிறார். தேத்தண்ணிக்கு "போதும் பிள்ளை" என்று சொன்னதைத் தவிர என்னோடு ஒரு கதை கதைத்ததில்லை.

"தங்கச்சி, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"தொட்டி தரமாட்டன், அண்ணை. கொப்பு ஒண்டு தாறன்."

நகம் வெட்டுகிற மாதிரிச் சத்தத்தோடு ஒரு கொப்பை நறுக்கினேன். இவர் கீழே கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவருடைய கை தண்ணீரில் படவில்லை, நான் கவனித்தேன். சொப்பிங் பாக்கில் தண்ணீரோடு கட்டிக் கொடுத்தேன். ஒரு போத்தல் கைப்பும் கொடுத்தேன். அளக்காமல் ஒரு சொட்டும் விடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். வெறும் பரல்கள் லொறியில் உருள உருளப் போனார்கள்.

இவர் கோப்பையைக் கழுவி வைத்தார். எங்கள் வீட்டில் இவர் கழுவின முதல் கோப்பை. இதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டெம்பர் 6

இவர் திரும்பிப் போய்விட்டார். வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. கல்சியம் 425.

ஒக்டோபர் 23

மழை பிடித்துவிட்டது. மழைநீர்த் தாங்கி நிரம்பி வழிகிறது, மாமியின் வாயும் அடங்கியது. விதைத்த வயல் எல்லாம் தண்ணீர். குசினி மூலையில் உப்புச் சாக்கு கசியத் தொடங்கியிருக்கிறது. பழைய பேணியை எறிந்துவிட்டேன். நல்ல கண்ணாடிப் போத்தல் ஒன்றைச் சுடுதண்ணீரில் கழுவி, புனல் வைத்து, கீழே வைத்திருக்கிறேன்.

கேக்குக்கு ரோசாப்பூ போட்டுக்கொண்டிருந்தபோது போன் கிணுகிணுத்தது. இவருடைய குரல் செய்தி.

"இஞ்சாரும், இங்கை எங்கட ஹோட்டல் வரவேற்பறையில ஒரு முருகைத் தொட்டி இருக்கு. கல்சியம் நிக்குதில்லை, பம்ப் முழுக்க வெள்ளை. படகு எண்ணெய் கலந்த தண்ணியெண்டு கடல் தண்ணி விடமாட்டினமாம். சாக்கு உப்புத்தான் கரைச்சு விடுகினம். மனேச்சரிட்டை நான் வாய் விட்டிட்டன், என்ர மனிசிக்கு உது தெரியுமெண்டு. சுண்ணாம்பைக் கூட்டி விடட்டோ? கெதியாச் சொல்லும், மனேச்சர் பக்கத்தில நிக்கிறார்."

சுற்றிவரக் கடல், நடுவில் சாக்கு உப்பு! நான் செய்தியை இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டேன். மாமிக்கும் போட்டுக் காட்டினேன்.

ரோசாப்பூ இன்னும் நாலு இருந்தது. ஆறுதலாகப் போட்டு முடித்தேன். கையைக் கழுவினேன். பிறகுதான் பதில் அனுப்பினேன்.

"கை வைக்காதேங்கோ. முதல்ல மகனீசியத்தை அளந்து சொல்லுங்கோ."

அனுப்பிவிட்டுப் போய் உப்புச் சாக்கின் கீழே பார்த்தேன். போத்தல் கால்வாசி நிரம்பியிருக்கிறது.